ரெண்டு விரல் விலை

துணி துவைக்கிற மெஷின் வாங்கித் தருவதில்லை என்று சிவபாண்டி முடிவு செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தது சித்திரைத் திருவிழாவில், அழகர் மதுரைக்கு வந்துசேரும் எதிர்சேவையன்று காலையில். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று நினைப்பவர்கள் மாட்டுச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். தருகிறேன் என்று சொல்லித் தராமலிருப்பதில்தான் ஒரு தரகரின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது.

பிரச்சினை பொங்கலன்று ஆரம்பித்தது. சிவபாண்டிக்கு ஏழு வெள்ளை வேட்டி. கிழமைக்கு ஒன்று. அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சந்தையில் மாடு பிடித்துக் கொடுத்து, விற்றுக் கொடுத்து, சாணியும் புழுதியுமாகத் திரும்பி வருவார். மறுநாள் காலை பால் நிறத்தில் அடுத்த வேட்டி கொடியில் ஆடும். நடுவில் நடப்பது என்ன என்று அவர் கேட்டதில்லை. நடுவில் நடந்தது அவர் மனைவி சோலையம்மாள். கல்லில் அடித்து, கசக்கி, பிழிந்து, முப்பத்தொரு வருடமாக.

"ஏங்க, திருநகர் நாலாவது தெருவுல கல்லுல அடிச்சுத் துவைக்கிறது இனி நான் ஒருத்திதான் இருக்கப் போறேன்."

"அதுல என்ன கேவலம்? மெஷினு துணியைக் கிழிச்சிரும்."

"யாரு துணி கிழிஞ்சுச்சு?"

"கிழியும்."

"எம்புட்டு நாள்ல?"

"போகப் போகத் தெரியும்."

"போகப் போக என் மணிக்கட்டுதான் கிழியுது. டாக்டரு பிழியக் கூடாதுன்னுட்டாரு."

"டாக்டருக்கு என்ன? அவரு வெள்ளைக் கோட்டை எவளோ துவைக்கிறா!"

நியாயமாகப் பார்த்தால் அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அடித்ததற்காகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, சந்தையில் டீ கிளாஸ் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மிதி வாங்கி, அந்த மிதியிலேயே தொழில் கற்றுக்கொண்டு, சொந்தக் கையால் ஒரு வீடும் கட்டிய மனிதர். சொன்ன விலைக்கு அவர் ஒரு பொருளை வாங்கியதில்லை. கத்தரிக்காயிலிருந்து கல்யாண மண்டபம் வரை அடித்துப் பேசித்தான் வாங்கியிருக்கிறார். 'ஒரே விலை' என்று பலகை மாட்டிய கடையைப் பார்த்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். அது என்ன கடையா, கோர்ட்டா? தீர்ப்பு எழுதி மாட்டியிருக்கிறான்! மெஷின் விற்கிற கடை எல்லாம் அந்த ரகம்தான்.

ஆகவே மூன்று மாதம் முடியாது என்றார். சோலையம்மாளும் மூன்று மாதம் கேட்டாள். எதிர்சேவையன்று காலையில் அவருக்கு யோசனை உதித்தது.

"சரி, சோலை. வாங்கித் தாரேன்."

சோலையம்மாள் கையிலிருந்த சோப்பு வழுக்கிக் கீழே விழுந்தது.

"இன்னைக்குத் திருவிழாவுக்குப் போறோம். அப்படியே தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியையும் பாக்குறோம். மெஷின் கடையா வரிசையா இருக்கும். நான் கேக்குற விலைக்கு எவன் குடுக்குறானோ, அங்கேயே, நின்ன இடத்துலயே எடுத்துருவேன்."

"நீங்க கேக்குற விலைக்கா?"

"நான் கேக்குற விலைக்கு."

"குடுத்துட்டா எடுத்தே ஆகணும்?"

"என்ன பேச்சுடி இது? கைகொடுத்து முடிச்ச மாட்டை இந்தச் சிவபாண்டி இன்னை வரைக்கும் திருப்பி விட்டதுண்டா?"

அது ஏறக்குறைய உண்மை. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தோள் துண்டை எடுத்து இருவர் கைகளையும் மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் ஆயிரம். நுனியைத் தொட்டால் நூறு. உள்ளங்கையை அழுத்திவிட்டால் முடிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. அப்படி அழுத்திய கையை எடுத்துக்கொண்டவன் தரகன் இல்லை. பதினேழு வயதில் சிவபாண்டி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு கன்றுக்குட்டிக்குக் கைகொடுத்துவிட்டுப் பின்வாங்கினார். ஒரு வருடம் சந்தையில் ஒருத்தனும் அவர் துண்டுக்குள் கை நீட்டவில்லை. திரும்பவும் டீ கிளாஸ்தான் கழுவினார். அன்றிலிருந்து வீட்டை விற்றாலும் விற்பார், கொடுத்த கையை எடுக்கமாட்டார்.

இப்போது அவர் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் பதினோராயிரம், பதினாலாயிரம் என்று விற்கிறது. அவர் கேட்கப்போவது இரண்டாயிரம். அந்தக் காசுக்கு மெஷினின் மூடிகூட வராது. எந்தக் கடைக்காரனும் கொடுக்கமாட்டான். வாக்கும் காப்பாற்றினதாச்சு, காசும் காப்பாற்றினதாச்சு. நாளையிலிருந்து மெஷின் பேச்சு வந்தால், "நான் வாங்கத் தயார், குடுக்க ஆளில்லையே!" என்று வானத்தைக் காட்டிவிடலாம்.

சோலையம்மாள் கீழே விழுந்த சோப்பை எடுத்துக் கல்லில் வைத்தாள். "சரிங்க," என்றாள்.

அங்கேயே சிவபாண்டி உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் சோலையம்மாள் ஒரே பேச்சில் 'சரி' என்றது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று சொல்ல இங்கே இடம் போதாது.

அக்கிரமம் பஸ்ஸிலேயே தொடங்கியது.

"ரெண்டு தல்லாகுளம்," என்றார் சிவபாண்டி.

"அக்காவுக்கு டிக்கெட்டு இல்லண்ணே, சும்மா. உங்களுக்கு மட்டும்தான்," என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பேருல ஒருத்தருக்குச் சும்மான்னா, ஆளுக்குப் பாதி சும்மா. எனக்குப் பாதி டிக்கெட்டு போடு."

"அண்ணே, இறங்கி நடந்தா முழுசாவே சும்மா."

பஸ் முழுக்கச் சிரித்தது. சோலையம்மாள் ஜன்னலோர சீட்டில், சும்மா, சொகுசாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். காசு கொடுத்த சிவபாண்டி கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தார். கேட்டால் சமத்துவம் என்கிறார்கள்!

தல்லாகுளத்தில் தலையா, தலையா, தலைதான். இரண்டு பக்கமும் பந்தல். மோர், பானகம், புளியோதரை, சுண்டல், தர்பூசணித் துண்டு, எல்லாம் இலவசம். இலவசம் என்றால் சிவபாண்டிக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. விலையே இல்லாத இடத்தில் அவர் என்ன பேசுவார்? வாயில் சூயிங்கம்மில்லாமல் அசைபோடுகிற மாதிரி ஒரு தவிப்பு.

"என்ன தம்பி, மோர்ல தண்ணி இம்புட்டு இருக்கு?"

"நீர்மோருண்ணே."

"நீரு தெரியுது. மோரு எங்க?"

"சும்மா குடுக்குறதுக்கும் பேரமாண்ணே?"

"சும்மான்னா என்னத்தையும் ஊத்துவியா? இன்னொரு கரண்டி ஊத்து, சரியாப் போகும்."

இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்தார். அதில் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் நிமிர்ந்தபோது, கருப்பசாமி வேடம் கட்டி, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்த ஒருவர் நேராக அவர் மார்பில் பீய்ச்சினார்.

"யோவ்! சாமி அங்க வருதுய்யா! நான் என்ன அழகரா?"

"குளுந்து போங்கண்ணே! கோவிந்தா!"

கோவிந்தா என்று ஆயிரம் பேர் கத்தினார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. முன்னால் ஒரு அம்மாள் கையில் வைத்திருந்த பானகம் முழுவதும் சிவபாண்டியின் தொடையில் சரிந்தது. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எல்லாம் நல்ல கனம். இலவசப் பொருளில் தரம் இல்லை என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை செம்மண் நிறத்தில் ஒரு ஆறு ஓடியது. வைகையில் இல்லாத தண்ணீர் அதில் ஓடியது.

"பாத்தியா, பாத்தியா! ஒழுங்கு இருக்கா ஒருத்தருக்காவது?"

"விடுங்க," என்றாள் சோலையம்மாள் மெதுவாக. "கல்லுல இருபது அடி கூட அடிச்சா அம்புட்டும் போயிரும். நான் அடிச்சிக்கிறேன்." சொல்லிவிட்டு வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

பொருட்காட்சி வாசலில் நுழைவுச் சீட்டு.

"நான் சும்மா பாக்கத்தான் வாரேன். வாங்க வரலை. பாதி போடு."

"அண்ணே, இது கவுண்டரு. சந்தையில்ல."

உள்ளே போனதும் சிவபாண்டி சிவபாண்டியானார். விலை சொல்லும் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், முதுகு நிமிர்ந்தது, மீசை விறைத்தது. ஒரு முழ நீளத்துக்கு டெல்லி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவனிடம், "நீளத்துல பாதியை ஒடிச்சிக்க, விலையிலயும் பாதியை ஒடிச்சிக்க," என்றார். ராட்டினக்காரனிடம், "மேல போகும்போதுதான் பயமா இருக்கு, கீழ வர்றது சும்மாதான வருது? மேல போறதுக்கு மட்டும் காசு வாங்கு," என்றார். ராட்டினக்காரன் யோசித்துப் பார்த்துவிட்டு, "மேல கொண்டுபோயி நிறுத்திரட்டுமாண்ணே?" என்றான். எதையும் வாங்கவில்லை. வாங்குவதா முக்கியம்? விளையாட்டு வீரர்கள் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவருவதில்லையா, அந்த மாதிரி.

பிறகு மெஷின் கடைகள்.

முதல் கடை. டை கட்டிய ஒருவன்.

"எம்புட்டு?"

"பதினாலாயிரத்து ஐந்நூறு சார். திருவிழா விலை."

"ரெண்டாயிரம்."

"மாசத் தவணையா சார்?"

"முழுசா."

டை கட்டியவன் சோலையம்மாளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது. சிவபாண்டிக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல். வெளியே சீறினார்.

"பாத்தியா? நான் வாங்க ரெடி. குடுக்க மனசில்ல அவனுக்கு."

"ஆமாங்க. நீங்க என்ன செய்வீக பாவம்."

இரண்டாவது கடைக்காரர் வயதானவர். "தம்பி, வெயில் கடுமை. வாசல்ல மோர் குடுக்குறாக. குடிச்சிட்டு, கொஞ்சம் தலையிலயும் ஊத்திக்கிட்டு வாங்க," என்றார்.

மூன்றாவது கடைக்காரன் பதிலே சொல்லாமல் ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தான். "ரெண்டாயிரத்துக்கு இது வரும். இதுக்குள்ள உக்காந்து நீங்களே துவைச்சிக்கங்க."

"என்ன திமிரு பாத்தியா, சோலை!" என்று குதித்தார் சிவபாண்டி. இந்த முறை கோபம் நிஜம். ஆனாலும் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு கடை. முடித்துவிட்டுப் பஸ் ஏறினால் ஆயுசுக்கும் நிம்மதி.

சோலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போதுங்க. வீட்டுக்குப் போவோம். உங்களாலயும் எம்புட்டுத்தான் பேச முடியும்?"

"ஏன்? இன்னும் ரெண்டு கடை இருக்குல்ல?"

"அந்த மூலைக்கடை வேணாங்க. அவனைப் பாத்தாலே கறாரான ஆளாத் தெரியுது. சொன்னா சொன்ன விலைதானாம். எம்புட்டுப் பெரிய ஆள் வந்தாலும் அவன்கிட்ட வாயத் திறக்க முடியாதாம். பொம்பளைக பேசிக்கிட்டாக."

"யாரு? எந்த ஆளு?"

"சொல்றதைக் கேளுங்க. அவமானப்பட்டுக்கிட்டு வரவேணாம்."

அவமானமா? சிவபாண்டிக்கா? கூட்டத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு மூலைக்கடைக்கு நடந்தார். சோலையம்மாள் பின்னால் ஓட்டமும் நடையுமாக, "வேணாங்க, வேணாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று வரை அதற்காக வருத்தப்படுகிறார்.

மூலைக்கடையில் இருந்தவன் பெயர் சாய்குமார் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் நாமம், கண்ணில் தடித்த கண்ணாடி. மேலே பலகை: ஒரே விலை. ரூபாய் 11,000.

"ஒரே விலைன்னா? யாரு வச்ச விலை?"

"நாங்கதாண்ணே வச்சோம்."

"வச்சவன் எடுக்க முடியாதா?"

சாய்குமார் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, சுத்தி இம்புட்டுப் பேரு நிக்கிறாங்க. வாயால ஒரு ரூபா கொறைச்சேன்னா அம்புட்டுப் பேரும் அதே விலைக்குக் கேப்பாங்க."

ஆகா! சந்தையில் முப்பது வருடமாகக் கேட்ட வசனம். சிவபாண்டி ஒரு சிரிப்புச் சிரித்தார். தோள் துண்டை உருவி ஒரு உதறு உதறினார்.

"வாயால வேணாம். கையைக் கொண்டா."

துண்டு விழுந்தது. உள்ளே சிவபாண்டியின் வலது கை, சாய்குமாரின் வலது கை. மெஷின் விற்கிறவனுக்கு மாட்டுச் சந்தை விரல் தெரியுமா? முழிக்கப் போகிறான். முழித்ததும், "தொழில் தெரியாத பயகிட்ட நமக்கென்ன பேச்சு!" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். சிவபாண்டி அவனுடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். இரண்டு.

சாய்குமார் முழிக்கவில்லை. அவன் கை துண்டுக்குள் நகர்ந்தது. சிவபாண்டியின் உள்ளங்கையில், அழகாக, பழகிய தரகன் மாதிரி, ஒரு அழுத்து அழுத்தியது.

முடிந்தது.

வெயிலில் நின்ற சிவபாண்டிக்குக் குளிர்ந்தது.

"டேய்... நான் என்ன கேட்டேன்னு தெரிஞ்சுதான் அழுத்துனியா?"

"தெரியும்ணே. ரெண்டு."

"ரெண்டுன்னா?"

சாய்குமார் காதருகே வந்தான். "ரெண்டாயிரம்ணே."

"யாருடா உனக்கு இது சொல்லிக் குடுத்தது?"

"பொருட்காட்சியில கடை போட்டா நாலும் தெரிஞ்சிருக்கணும்லண்ணே."

பின்னாலிருந்து சோலையம்மாளின் குரல், தேன் மாதிரி வந்தது. "ஏங்க... கை குடுத்துட்டீகளா?"

கொடுத்தாகிவிட்டது. எடுக்க முடியாது. எடுத்தால் அவர் சிவபாண்டி இல்லை. சரி, இவனை மறுக்க வைக்கலாம் என்று ஒரு வழி தோன்றியது. தரகர் மூளை அல்லவா?

"ரெண்டுக்கு ஸ்டாண்டும் சேரும்ல?"

"எடுத்துக்கங்கண்ணே."

"மூடாக்குத் துணி?"

"தாரேண்ணே."

"ஒரு வருசத்துக்குச் சோப்புத்தூளு!"

"ரெண்டு பொட்டலம் வச்சிருக்கேண்ணே."

"ரெண்டா? ஒரு வருசம்னு கேட்டேன்!"

"சரி, நாலா எடுத்துக்கங்கண்ணே."

"வீட்டுல கொண்டுவந்து இறக்கணும். கூலி குடுக்க மாட்டேன்."

"வண்டி ரெடியா நிக்கிதுண்ணே."

"டேய்! மறுத்துப் பேசுடா! பேரம்னா ஒருத்தன் மறுக்கணும்டா! 'கட்டுபடியாகாது, என் புள்ளை குட்டி பட்டினி கிடக்கும்'னு சொல்லணும்டா! உன்னை எல்லாம் எவன்டா கடை வைக்கச் சொன்னது?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைண்ணே."

சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவன் தன்னிடம் சண்டையில்லாமல் தோற்றுவிட்டான் என்ற ஆத்திரத்தில், சிவபாண்டி பட்டாபட்டி டவுசரின் பையில் கையை விட்டு இரண்டாயிரத்தை எடுத்து மேஜையில் அறைந்தார்.

ஆனால் மனித மனசு இருக்கிறதே, அது ஒரு வினோதம். பணம் கைமாறி ஐந்து நிமிஷம் ஆவதற்குள் அந்த ஆத்திரம் அடியில் இறங்கி, மேலே வேறு ஒன்று பொங்கி வந்தது. பதினோராயிரம் ரூபாய் மெஷின். இரண்டாயிரம்! ஒரே பிடி! மதுரை ஜில்லாவில் எவன் முடிப்பான்? மெஷின் வந்தது தோல்விதான். ஆனால் அது வந்த விலை இருக்கிறதே! நாலாவது தெருவே வாயைப் பிளக்கப் போகிறது. டீக்கடையில் ஒரு மாதம் இதைச் சொல்லலாம். பொருட்காட்சியின் பின்வாசலுக்கு நடக்கும்போது சிவபாண்டியின் நடையில் ஜல்லிக்கட்டுக் காளை தெரிந்தது. பானகக் கறையைக்கூட மடித்து மறைக்கவில்லை.

"எப்புடி?" என்றார் சோலையம்மாளிடம்.

"உங்களை மாதிரி வருமாங்க?" என்றாள் அவள்.

சாய்குமார் முன்னால் நடந்து வழிகாட்டினான். பின்வாசலில் ஒரு மினி லாரி நின்றது. அதில் ஏற்கெனவே மெஷின் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பட்டையான பேனாவால் பெயர் எழுதியிருந்தது. சிவபாண்டிக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நா-க-ம-ணி. ம-லை-ய-ம்-மா-ள். கா-வ்-ய... எங்கேயோ கேட்ட பெயர்களாக இருக்கிறதே? எங்கேயோ என்ன, அவர் தெருதான். பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு வீடு. அவர் வீட்டுக்கு வலது பக்கம், இடது பக்கம், எதிர்ப்பக்கம்.

டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து பக்கத்து வீட்டு நாகமணி எட்டிப் பார்த்தாள். "வாங்கண்ணே! நல்லபடியா முடிஞ்சுதா? சாயி என் தம்பி மகன்தான்."

பதிமூன்றாவது பெட்டி லாரியின் ஓரத்தில் இருந்தது. அதன்மேல் திருவிழாப் புழுதி ஒரு படலமாகப் படிந்திருந்தது. எழுத்து அந்தப் புழுதிக்கு அடியில் இருந்தது. சிவபாண்டி துண்டால் துடைத்துவிட்டு வாசித்தார். சோ-லை-ய-ம்-மா-ள். அதற்குக் கீழே இன்னொரு வார்த்தை.

த. ர. கு.

அவர் வாழ்க்கையில் வேகமாக வாசித்த முதல் வார்த்தை அது.

"சாய்குமாரு. இது என்ன?"

"அக்கா பிடிச்சுக் குடுத்த ஆர்டருண்ணே. உங்க தெரு முழுக்கப் பேசி முடிச்சாங்க. பன்னெண்டு மெஷின் போனா ஒண்ணு அக்காவுக்குத் தரகு. திருக்கல்யாணத்தன்னைக்கே முடிவாகிப் போச்சு."

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றப் போகிறேன் என்று நாகமணியோடு காலையில் போன சோலையம்மாள் சாயங்காலம்தான் வந்தாள். கயிறு மாற்ற ஒரு நாள் ஆகுமா என்று அவர் கேட்கவில்லை. சாமி விஷயம் என்று விட்டுவிட்டார்.

"அப்ப இந்த மெஷினு...?"

"அக்காவுக்குச் சும்மா போகவேண்டியதுண்ணே. இன்னைக்குக் காலையில போன்ல, 'எங்க வீட்டுல ஒருத்தர் வருவாரு, அவரு கை குடுக்காம மெஷினு வாசப்படி ஏறாது, என்ன விலை கேட்டாலும் அழுத்திரு'ன்னாங்க. விரலும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

"நூறு ரூபா கேட்டிருந்தா?"

"அழுத்தியிருப்பேண்ணே."

"சும்மா கேட்டிருந்தா?"

"சும்மாவே அழுத்தியிருப்பேண்ணே. நீங்கதான் ரெண்டு விரலைப் பிடிச்சீங்க."

நாகமணியும் சாய்குமாரும் அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிவபாண்டிக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது.

அவர் மெதுவாகச் சோலையம்மாள் பக்கம் திரும்பினார். "சந்தை விரலு உனக்கு எப்புடித் தெரியும்?"

"முப்பத்தோரு வருசமா தூக்கத்துல யாரு விரலைப் பிடிச்சு மாடு வித்தீக? போன வாரம்கூட ஒரு ஜோடிக் காளையை என்கிட்ட நாற்பதுக்கு முடிச்சீக."

"அடிப்பாவி! என் ரெண்டாயிரத்தைக் குடு!"

"எதை? கை குடுத்து முடிச்சதையா?"

பதினேழு வயசுக் கன்றுக்குட்டி ஒன்று கண்முன்னே வந்து நின்று அவரையே பார்த்தது.

"என் தரகுல வந்த மெஷினு," என்றாள் சோலையம்மாள், சாய்குமார் நீட்டிய நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டே. "நீங்க என்கிட்ட விலைக்கு வாங்கியிருக்கீக. நானும் மறுக்காமக் குடுத்துட்டேன். உங்க ஸ்டாண்டு, மூடாக்குத் துணி, சோப்புத்தூளு அம்புட்டும் உள்ள இருக்கு. போவமா?"

"நான் தெருவுல போயி..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். ரெண்டாயிரத்துக்கு முடிச்சேன்னு எங்கயும் மூச்சு விட்டுறாதீக. பன்னெண்டு வீட்டுக்கும் பத்தாயிரத்து ஐந்நூறுன்னு முடிச்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா என் தொழிலு கெட்டுப் போகும்."

என் தொழிலு! சிவபாண்டிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதை யார்மேல் இறக்குவது? தரகில் ஒரு குறை சொல்ல முடியாது. வாங்கினவனுக்கும் லாபம், விற்றவனுக்கும் லாபம், நடுவில் நின்றவளுக்கு இரண்டு பக்கமும் லாபம். அவரே செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டார். சோலையம்மாள் நாகமணி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். முன்னால் இடமில்லை. பின்னால் பதிமூன்று பெட்டிக்கு நடுவே ஒரு ஆள் ஒண்டிக்கொள்ளலாம்.

சிவபாண்டி லாரியின் முன்கதவைப் பிடித்தபடி நின்றார். முப்பது வருடத் தரகில் எத்தனையோ ஏமாளிகளைப் பார்த்தவர். பல்லைப் பார்க்காமல் கிழட்டு மாடு வாங்கியவனைப் பார்த்திருக்கிறார். சினையென்று நம்பி வயிறு உப்பிய பசுவை ஓட்டிப்போனவனைப் பார்த்திருக்கிறார். ஆனால் சும்மா வருகிற பொருளுக்குத் தானே விலை சொல்லி, தானே துண்டு போட்டு, தானே காசையும் கட்டிய ஒருவனை அவர் பார்த்ததேயில்லை.

அன்றுதான் பார்த்தார், மினி லாரியின் பக்கக் கண்ணாடியில்.